கேஸ்கட் போன குக்கர்

போன மாதம், ஜெர்மனிக்குப் படிக்கப் போகிற என் அக்கா மகளுக்குப் பாத்திரம் வாங்கப் புதுக்கோட்டை கீழராஜ வீதிக்குப் போயிருந்தோம். கடைக்காரர் குக்கரை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, மூடியைத் திருப்பி, உள்ளே ஓடுகிற கறுப்பு ரப்பர் வளையத்தை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார்.

"கேஸ்கட்டு ஒரிஜினலுங்க. வருசக்கணக்கா ஒழைக்கும்."

புது ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு. கடைக்காரருக்கு முகம் சுண்டிப்போனது. தன் சரக்கைச் சந்தேகப்படுகிறேன் என்று நினைத்திருப்பார்.

"ஒங்கள இல்லண்ணே. இது வேற கேஸ்கட்டு" என்றேன்.

அக்கா மகள் என் கையைக் கிள்ளினாள். "சித்தி, கடையில வந்து மானத்த வாங்காதீங்க. அது என்ன வேற கேஸ்கட்டு?"

பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். பாதிக் கதையில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தூங்கிப்போனாள். உங்களுக்கு முழுதாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் ஆவுடையார்கோவிலிலிருந்து உள்ளே தள்ளிப் போக வேண்டும். கோயிலைப் பார்க்க வருகிறவர்கள் கல்லில் இழைத்த அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்துத் திரும்பிவிடுவார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் வர அவர்களுக்கு ஒரு காரணமும் கிடையாது. ஒரு கண்மாய், நிறையக் கருவேலம், அப்பா வேலை பார்த்த தொடக்கப் பள்ளி. அவ்வளவுதான். வெளிநாடு என்றால் எங்கள் ஊருக்கு இரண்டுதான்: சிங்கப்பூர், துபாய். பல வருடங்களுக்கு முன் நான் ஜெர்மனி போகிறேன் என்றதும் ஊரில் பலருக்கும் அது துபாய்க்குள் எந்த ஏரியா என்பதுதான் சந்தேகமாக இருந்தது.

"எந்தக் கம்பெனித்தா?" என்று கேட்டார் ஒரு பெரியப்பா.

"படிக்கப் போறேன் பெரியப்பா."

"அது சரி. படிச்சு முடிச்சா ஏசி மெக்கானிக்கா, கிரேன் ஆப்பரேட்டரா?"

சுற்றுச்சூழல் பொறியியல் என்று சொன்னேன். அவர் வருத்தத்தோடு தலையாட்டினார். கிரேன் என்றால் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும்.

கிளம்புவதற்கு முன்பே எனக்கு அங்கே ஓர் அக்கா கிடைத்துவிட்டாள். நான் சேரவிருந்த பல்கலைக்கழகத்தில் படிக்கிற தமிழ் மாணவர்களுக்கு இணையத்தில் ஒரு குழு இருந்தது. நான் சேருகிறேன், ஊர் புதுக்கோட்டை மாவட்டம் என்று எழுதினேன். ஒரு மணி நேரத்தில் போன் வந்தது.

"நம்ம புதுக்கோட்டப் புள்ளையா! நான் சுகந்தி பேசுறேன். திருக்கோகர்ணம். ஒரு வருசமா இங்கிட்டு நம்மூருப் பேச்சு பேச ஆளில்லாம நாக்கு துருப்பிடிச்சுப் போச்சு. நீ ஒண்ணுக்கும் பயப்படாத. நான் இருக்கேன்."

அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும் சாமி படத்துக்குப் போய்க் கும்பிட்டாள். நானும் கும்பிட்டிருக்க வேண்டியது. போனை விட மனமில்லாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

எதை எடுத்து வர வேண்டும், எதை எடுத்து வரக் கூடாது என்பதெல்லாம் சுகந்தி அக்கா சொன்னதுதான். "குக்கர் தூக்கிட்டு வராத. சும்மா வெயிட்டு. எங்கிட்ட இருக்கு, ரெண்டு பேருக்கும் போதும். அதுக்குப் பதிலா புளி கொண்டா. இங்க கெடைக்கிற புளியில புளிப்பத் தவிர எல்லாம் இருக்கு."

அம்மாவும் சின்னம்மாவும் வாசலில் உட்கார்ந்து புளியைக் கொட்டை நீக்கி, நார் உருவி, கல்லுப்புப் போட்டு வெயிலில் காயவைத்து, தேங்காய் அளவுக்கு உருண்டை உருண்டையாகப் பிடித்தார்கள். தெருவில் போகிறவர்கள் எல்லாம் வந்து ஒரு கை உருவிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பெட்டியை அரிசி மில் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தோம். துணியை வெளியே எடுத்துவிட்டுப் புளியை உள்ளே வைத்தோம். விமான நிலையத்தில் எக்ஸ்ரே திரையைப் பார்த்த அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். கறுப்பு உருண்டைகளைப் பார்த்து ஓரடி பின்னால் போனார். பிறகு ஒன்றைத் தயங்கித் தயங்கி மோந்து பார்த்தார். முகம் மாறியது. மதியச் சாப்பாடு ஞாபகம் வந்திருக்கும். "போங்கம்மா" என்றார்.

நான் போய்ச் சேர்ந்த ஊரின் பெயரைச் சரியாக உச்சரிக்கத் தொண்டையில் கொஞ்சம் சளி இருக்க வேண்டும். அதனால் விட்டுவிடுகிறேன். கிழக்குப் பக்கத்துச் சின்ன ஊர். ரயிலடியில் சுகந்தி அக்கா கையில் ஒரு கோட்டோடு நின்றாள். நான் திருச்சியில் வாங்கிப் போட்டிருந்த ஸ்வெட்டரைப் பார்த்து, "இது என்ன, கொடைக்கானல் டூரா?" என்றாள். கோட்டை எனக்கு மாட்டி, பொத்தானைக் கழுத்து வரை தானே போட்டுவிட்டாள்.

இதையெல்லாம் சொல்லாமல் விடக் கூடாது. அவள் அப்படித்தான் இருந்தாள். முதல் வாரமே எனக்குக் காய்ச்சல் வந்தது. மிளகு ரசம் வைத்து, சோற்றைக் குழையப் பிசைந்து, என் கட்டிலில் உட்கார்ந்து, "வாயத் தொற" என்று ஊட்டிவிட்டாள். என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். வங்கிக் கணக்கு, பதிவு அலுவலகம், எந்தப் பேராசிரியர் கடித்துக் குதறுவார், எவர் வெறுமனே குரைப்பார் என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். யாரைப் பார்த்தாலும், "எங்க ஊருப் புள்ள" என்று என் தோளில் கைபோட்டு அறிமுகப்படுத்துவாள். 'எங்க ஊரு' என்பது புதுக்கோட்டை மாவட்டம் முழுவதும். அப்போது அது அவ்வளவு பெரியதாக இருந்தது.

விடுதியின் மூன்றாவது மாடியில் நீண்ட நடைக்கூடம், இரண்டு பக்கமும் அறைகள், கடைசியில் எல்லாருக்கும் பொதுவான சமையலறை. நான்கு அடுப்பு, ஒரு நீள மேசை. அந்த மாடியில் தமிழ்ப் பெண்கள் மூன்று பேர். அக்கா, நான், சேலத்துக்காரி நிவேதா. நிவேதா எதையும் கவனிக்காமல் வாழக் கற்றவள். உப்பு இல்லாத சாம்பாரைக்கூட முழுதாகச் சாப்பிட்டுவிட்டு, "சூப்பர்ப்பா" என்பாள்.

குக்கர் முதல் தடவை விசிலடித்தபோது விடுதிக் காப்பாளர் கீழே இருந்து மூன்று மாடி ஓடி வந்தாராம். நான் வருவதற்கு முந்தைய வருடக் கதை இது. வெடிக்கப்போகிறது என்று எல்லாரையும் வெளியே போகச் சொல்லியிருக்கிறார். அக்கா அமைதியாக, "இன்னும் ரெண்டு விசில் இருக்கு" என்றாளாம். அன்று முதல் அவர் அக்காவைப் பார்த்தால் ஒதுங்கி நடப்பார். தாளிக்கிற புகையில் தீ அபாய மணி அடித்து, தீயணைப்பு வண்டி வந்து, தலைக்கவசம் போட்ட ஐந்து ஆண்கள் ஒரு கரண்டி கடுகைச் சுற்றி நின்ற கதை வேறு. அதை இன்னொரு நாள் கேளுங்கள்.

குப்பையைப் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும். அந்த ஊரில் குப்பையைப் பிரித்துப் பிரித்துப் போட வேண்டும். காகிதத்துக்கு ஒரு தொட்டி, பிளாஸ்டிக்குக்கு ஒன்று, காய்கறித் தோலுக்கு ஒன்று, மிச்சத்துக்கு ஒன்று. கண்ணாடி பாட்டிலில்கூட வெள்ளை தனி, பச்சை தனி. மற்ற வெளிநாட்டு மாணவர்கள் தடுமாறித் தவிப்பார்கள். தயிர் டப்பா எந்தத் தொட்டி, அதன் மூடி எந்தத் தொட்டி என்று சண்டை நடக்கும். அக்கா ஒருநாள்கூடத் தடுமாறியதில்லை. எது எதோடு சேரக் கூடாது என்பது அவளுக்குச் சொல்லிக்கொடுக்காமலே வந்தது. அப்போது அதைப் பார்த்து நான் ஆச்சரியப்பட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்காவும் நானும் நீள மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம்.

"ஆமா, ஆவுடையார்கோயில்ல எங்கிட்டு நீ?"

"டவுன் இல்லக்கா. உள்ள தள்ளி" என்று ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"அட! அங்க எங்க சித்தப்பாவுக்கு வயலு இருக்கே. சின்னப் புள்ளையில வந்துருக்கேன். அங்க எந்தத் தெரு?"

விசா நேர்காணலில் ஒரு வெள்ளைக்காரர் என்னை முக்கால் மணி நேரம் குடைந்தார். ஏன் இந்தப் படிப்பு, திரும்பி வருவாயா, அப்பா என்ன செய்கிறார் என்று எல்லாம் கேட்டார். எந்தத் தெரு என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. பாவம், பயிற்சி போதாது.

"காலனிக்கா" என்றேன்.

அக்காவின் கத்தி நின்றது. எங்கள் பக்கத்தில் காலனி என்று மொட்டையாகச் சொன்னால் அதற்குமேல் யாரும் எதுவும் விளக்க வேண்டியதில்லை. முன்னால் ஆபீசர்ஸ், ஹவுசிங்போர்டு என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அது வேறு சமாச்சாரம். அக்கா அந்த ஒட்டைத்தான் தேடினாள்.

"ஒங்கப்பா வாத்தியாருன்னு சொன்னியே. டீச்சர்ஸ் காலனியா?"

அந்தக் கேள்வியில் எவ்வளவு ஆசை இருந்தது தெரியுமா? ஆமாம் என்று மட்டும் சொல்லிவிடு, நாம் இரண்டு பேரும் தப்பித்துக்கொள்வோம் என்று கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

"இல்லக்கா. வெறும் காலனி."

"ஓ... சரி சரி. அதனால என்ன?" என்றாள். அதனால் ஏதாவது என்று நான் சொல்லவே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "நீ வையி. கண்ணு எரியும். நான் உரிச்சுக்கிறேன்" என்றாள். நான் உரித்து வைத்திருந்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டு போய்க் குழாயில் காட்டினாள். ஒருமுறை கழுவினாள். இன்னொரு முறையும் கழுவினாள். வெங்காயத்தைக் கழுவுவது நல்ல பழக்கம்தான். முந்தின ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அவளிடம் அந்தப் பழக்கம் இல்லை.

மறுநாள் சமையலறை அலமாரியில் குக்கரைக் காணவில்லை.

"கேஸ்கட்டு போயிருச்சுடி. இங்க எங்க போயி வாங்குறது? ஊருலேருந்து யாராவது கொண்டு வந்தாத்தான்" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

நம்பினேன். நம்பாமல் இருக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை வகுப்பு ரத்தாகிச் சீக்கிரம் வந்துவிட்டேன். மாடிப்படி ஏறும்போதே விசில் கேட்டது. மூன்று விசில், சுத்தமாக, சுருதி தவறாமல். நான் நடைக்கூடத்தில் கால் வைத்ததும் சமையலறைக் கதவு சாத்திக்கொண்டது. அதற்குப் பிறகு கவனித்துப் பார்த்தேன். அந்தக் கேஸ்கட்டுக்கு என் வகுப்பு அட்டவணை மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. நான் ஆய்வகத்தில் இருக்கும்போது நன்றாக இருக்கும். நான் மாடிக்கு வந்ததும் போய்விடும்.

மற்றபடி அக்கா ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. அதுதான் அவள் கெட்டிக்காரத்தனம். பார்த்தால் சிரிப்பாள். "சாப்டியா?" என்று கேட்பாள், நான் சாப்பிட்டு முடித்த பிறகு. ரசம் வைத்த பாத்திரத்திலிருந்து நேராக ஊற்றிக்கொடுத்தவள் இப்போது, "ஒனக்கு இந்தக் காரம் ஒத்துக்காது" என்றாள். என் காரத்தின் அளவு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் குறைந்துவிட்டது. 'எங்க ஊருப் புள்ள' என்பதும் நின்றுபோனது. புதிதாக யாராவது வந்தால், "இவ ஆவுடையார்கோயில் பக்கம்" என்று அறிமுகப்படுத்தினாள். மாவட்டம் சுருங்கிவிட்டது.

நான் குக்கர் இல்லாமல் வெறும் பாத்திரத்தில் சோறு வைக்கப் பழகினேன். முதல் மாதம் நான் சாப்பிட்டதைச் சோறு என்று சொன்னால் சோறு கோபித்துக்கொள்ளும். ஒருநாள் கஞ்சி, ஒருநாள் அவல், ஒருநாள் அடிப்பிடித்த கரி. போனில் அம்மா, "சுகந்தி நல்லாப் பாத்துக்கிறாளா?" என்பாள். "ரொம்ப நல்லாப் பாத்துக்கிறாம்மா" என்பேன். பொய் இல்லை. நான் எப்போது வருகிறேன், எப்போது போகிறேன் என்று அவளைப் போல என்னைப் பார்த்துக்கொண்டவர் யாரும் இல்லை.

ஒரு விஷயம்தான் எனக்குப் பிடிபடவில்லை. புளி. வந்த முதல் நாளே உருண்டைகளை எல்லாம் பொது அலமாரியில் வைத்துவிட்டேன். குக்கர் போனது, ரசம் போனது, ஆனால் புளி உருண்டை மட்டும் வாரத்துக்கு வாரம் கரைந்துகொண்டே வந்தது. நடைக்கூடம் முழுக்க வத்தக்குழம்பு மணக்கும். என் அம்மாவும் சின்னம்மாவும் எங்கள் தெருப் பெண்களும் நகக்கண் கறுக்க உருவிய புளி அது. அத்தனை கைபட்டும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை போலிருக்கிறது. ஊறவைத்துப் பிழிந்தால் தெரு தெரியாமல் போய்விடுகிறதோ என்னவோ.

கிறிஸ்துமஸ் சந்தை பார்க்கப் பெரிய ஊர் ஒன்றுக்குப் போகலாம் என்று அக்கா ஒரு திட்டம் போட்டாள். அங்கே மெதுவாகப் போகிற ரயில்களில் ஐந்து பேர் சேர்ந்து ஒரே டிக்கெட்டில் போகலாம். மாணவர்களுக்கெல்லாம் அதுதான் வாகனம். அக்கா, நிவேதா, பக்கத்து விடுதியிலிருந்து மூன்று பையன்கள் என்று ஐந்து பேர் முடிவாகியிருந்தார்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை. கிளம்புகிற அன்று காலையில் ஒரு பையனுக்கு வயிற்றுப்போக்கு. என் கதவு தட்டப்பட்டது.

"என்னடி, ரூமுக்குள்ளயே அடஞ்சு கெடக்க? ஊரு சுத்திப் பாக்க வேணாமா? வா வா, கெளம்பு." அக்காவின் முகத்தில் பழைய சிரிப்பு.

ஒருவனுடைய வயிறு கலங்கியதில் எனக்குக் கிடைத்த சமத்துவம் அது. போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் எனக்குச் சந்தை பார்க்க ஆசையாக இருந்தது. அவள் கூப்பிட்டதும் ஆசையாக இருந்தது, வெட்கம்கெட்ட ஆசை. கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ரயிலில் கூட்டம். எதிரெதிராக நான்கு பேர் உட்காருகிற இடத்தில் ஒரு பெரியவர் மட்டும் ஜன்னலோரம் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் தாடி, பச்சைத் தொப்பி, பார்த்தால் யாருக்கும் தாத்தா மாதிரி. அக்கா அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் நான். நிவேதா பெரியவருக்குப் பக்கத்தில். இரண்டு பையன்களும் வழியில் நின்றார்கள். அக்கா சுத்தமான ஜெர்மனில் காலை வணக்கம் சொன்னாள். அவளுடைய உச்சரிப்பைப் பேராசிரியர்களே பாராட்டுவார்கள்.

பெரியவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். செய்தித்தாளை மடித்தார். பையை எடுத்தார். எழுந்து, பையன்களை உரசிவிடாமல் உடம்பை ஒடுக்கிக்கொண்டு நகர்ந்து, கதவோரம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அடுத்த ஸ்டேஷன்ல எறங்குவாரு போல" என்றாள் அக்கா.

அடுத்த ஸ்டேஷன் வந்தது. அவர் இறங்கவில்லை. அதற்கடுத்ததும் வந்தது. காலி இடம் அப்படியே இருந்தது. பையன்களில் ஒருவன், கார்த்திக், அதில் உட்காரப் போனான். "இருடா" என்று அக்கா தடுத்தாள். அவர் திரும்பி வருவார் என்று இன்னும் எதிர்பார்த்தாள் போலிருக்கிறது. அவ்வளவு வயதான மனிதர் ஆடுகிற ரயிலில் கால் மாற்றி மாற்றி நின்றார். வலித்திருக்கும். ஆனாலும் எங்களோடு உட்காருவதைவிட அது அவருக்கு மேல் என்று தெரிந்தது.

அக்காவின் கண் நிறைந்துவிட்டது.

"என்ன நெனச்சுக்கிட்டு இருக்கான் இந்த ஆளு? நான் குளிச்சு முழுகித்தானே வந்துருக்கேன்? அவன் பாஷையிலதானே வணக்கம் சொன்னேன்? எம்மேல என்ன ஒட்டியிருக்கு? ஏன்டி, நாமளும் மனுசங்கதானே? பக்கத்துல உக்காந்தா என்ன ஆயிரும்?"

என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு பிடித்த கை. உண்மையாகவே என்னிடம்தான் கேட்டாள். வேறு யாரைவிடவும் எனக்கு விடை தெரியும் என்று நினைத்தாளோ என்னவோ. அவர் எழுந்துபோனது என்னிடமிருந்தும்தான். எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அவளுக்கு அது முதல் தடவை. எனக்கு அந்தத் துறையில் அனுபவம் உண்டு.

"ஒண்ணுமில்லக்கா" என்றேன். "அவருக்குக் கேஸ்கட்டு போயிருச்சு போல."

அக்காவின் கை என் கையிலிருந்து மெதுவாக விலகியது. காது நுனி சிவந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கார்த்திக் இயந்திரப் பொறியியல் படிக்கிறவன். "கேஸ்கட்டா? ரயிலுக்கா? ஏர் பிரேக்ல இருக்கும்க்கா. ஆனா அது போச்சுன்னா அப்பவே வண்டி நின்னுரும்" என்று விளக்க ஆரம்பித்தான். நிவேதா அவன் தொடையில் கிள்ளினாள். எதையும் கவனிக்காமல் வாழ்கிற நிவேதா என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேனே, அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொன்ன பிறகு பெரிய சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ஒருவர் நம்மை அவமதித்ததை வைத்து இன்னொருவருக்குப் பாடம் எடுக்க வேண்டியிருக்கிறதே என்று எரிச்சல்தான் வந்தது. பசியும் வந்தது. அக்கா புளியோதரை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஆளுக்கொரு தனிப் பொட்டலம். "தனித்தனியா இருந்தா சுத்தமா இருக்கும்" என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். என் பொட்டலத்தைப் பிரித்து முழுதும் சாப்பிட்டேன். என் புளி, ஏன் விட வேண்டும்? அக்கா சாப்பிடவில்லை.

சந்தையில் எல்லாரும் விளக்குகளைப் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். ஊருக்கு அனுப்பப் படம் எடுத்தோம். ஒரே டிக்கெட் என்பதால் திரும்பும்போதும் ஐந்து பேரும் ஒன்றாகத்தான் வர வேண்டியிருந்தது. அக்கா வழி முழுக்கத் தூங்குகிற மாதிரி வந்தாள்.

இதற்குப் பிறகு அவள் மாறினாள், என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள் என்று சொன்னால் உங்களுக்கும் நன்றாக இருக்கும். ஒரு வாரம் கழித்து மிச்சமிருந்த புளி உருண்டைகளைப் பையில் போட்டு முடிச்சுக் கட்டிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"இந்தா, ஒன்னோடது."

"வச்சுக்கங்கக்கா. கொழம்புக்கு வேணும்ல?"

"கடையில தாய்லாந்துப் புளி கெடைக்குது. பரவால்ல" என்றாள்.

தாய்லாந்தில் அதை உருவியவர்கள் எந்தத் தெரு என்று கேட்க அவளுக்கு வழியில்லை. அதனால் அந்தப் புளி சுத்தம்.

அடுத்த கோடையில் படிப்பு முடிந்து, வேலை கிடைத்து, அக்கா வேறு ஊருக்குப் போனாள். கிளம்பும்போது எல்லாரையும் கட்டிப்பிடித்தாள். என் முறை வந்தபோது தோளைத் தட்டினாள். "நல்லாப் படி" என்றாள். அவள் கண்ணில் ஏதோ இருந்தது. அது என்ன என்று நான் நின்று பார்க்கவில்லை. பெட்டியைப் படியில் இறக்க ஒரு கை கொடுத்தேன். பெட்டியைத் தொட்டதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று மாலை நிவேதா குக்கரோடு என் அறைக்கு வந்தாள். அக்கா அதை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து வெச்சுக்கலாம்ப்பா" என்றாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு அப்பவே தெரியும். என்ன சொல்றதுன்னுதான் தெரியல" என்றாள்.

என்ன சொல்வது என்று தெரியவில்லை என்பதைச் சொல்ல அவளுக்கு இரண்டு பருவத் தேர்வுகள் ஆகியிருந்தன. ஆனாலும் வந்தாளே. மூடியைக் கழற்றிக் கேஸ்கட்டைப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. இரண்டு பேரும் அரிசி போட்டு, விசிலுக்காகக் காத்திருந்து, விசில் வந்ததும் என்னமோ பரீட்சையில் தேறிவிட்ட மாதிரி சிரித்தோம். அந்தச் சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது. நிவேதா, "சூப்பர்ப்பா" என்றாள்.

நிவேதா இப்போதும் பேசுகிறாள். சில வருடங்களுக்கு முன் ஒரு காணொளி அனுப்பினாள். சுகந்தி அக்கா ஒரு பெரிய நிறுவனத்தில் நல்ல பதவியில் இருக்கிறாள். பாகுபாட்டுக்கு எதிராக அலுவலகத்தில் ஏதோ கூட்டம், அதில் மேடையில் பேசுகிறாள். அந்த ரயில் கதையைத்தான் சொன்னாள். பெரியவர் வந்தார், பச்சைத் தொப்பி வந்தது, மடித்த செய்தித்தாள் வந்தது. நன்றாகச் சொன்னாள். ஓர் இடத்தில் அவள் குரல் உடைந்தது. அந்த இடத்தை நான் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தேன், அதைச் சொல்லியாக வேண்டும். வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவள் பக்கத்தில் ஒரு 'நெருங்கிய தோழி' உட்கார்ந்திருந்ததாகவும் அந்தத் தோழி அவளுக்கு ஆறுதல் சொன்னதாகவும் கதையில் வந்தது. என்ன ஆறுதல் என்று சொல்லவில்லை.

"கமெண்ட் போடட்டுமாப்பா?" என்று கேட்டாள் நிவேதா.

"வேணாம். நல்லாத்தான் பேசுறா. விடு" என்றேன்.

போன வருடம் அலுவலக வேலையாக அந்த நாட்டுக்குப் போனபோது ஒருநாள் மிச்சமிருந்தது. பழைய விடுதியைப் பார்க்கப் போனேன். வெளியே புதிதாக வண்ணம் அடித்திருந்தார்கள். காப்பாளர் ஓய்வு பெற்றுப் போய்விட்டாராம். யார் உள்ளே போகிறார்கள், வருகிறார்கள் என்று இப்போது ஒரு கேமரா பார்த்துக்கொள்கிறது. ஒரு மாணவி கதவைத் திறந்தபோது அவள் பின்னாலேயே நுழைந்து மூன்றாவது மாடிக்கு ஏறினேன்.

நடைக்கூடத்தில் எந்த வாசனையும் இல்லை. வெங்காயம் இல்லை, கருகிய கடுகு இல்லை, எவருடைய நாட்டுச் சமையலும் இல்லை. கடைசியில் சமையலறை இருந்த இடத்தில் சுவரோடு சுவராகப் பார்சல் பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். இப்போது ஒவ்வொரு அறைக்குள்ளும் ஓர் அடுப்பு வைத்துக் கொடுத்துவிட்டார்களாம். அந்த மாடியில் இனிமேல் யாரும் யாரையும் ஒதுக்கி வைக்க முடியாது. ஒதுங்குவதற்கு முதலில் ஓர் இடத்தில் சேர வேண்டும் அல்லவா?

அந்த மாணவி தன் பெட்டியைத் திறந்து பார்சலை எடுத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டாள். இங்கே ஒரு சமையலறை இருந்தது, நீளமாக ஒரு மேசை போட்டிருக்கும் என்றேன். அவளுக்கு நம்ப முடியவில்லை.

"எல்லாரும் சேர்ந்தா சமைப்பீர்கள்?" என்று கேட்டாள்.

முதல் சில வாரங்களை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு, ஆமாம் என்றேன்.